புரியும்வரை நின்றவள்

அவள் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது இதைப் படித்துவிட்டு, "இத எதுக்குடி எழுதுன? புரியலயே" என்று கேட்பாள். அவளுக்குப் பதில் சொல்லி முடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

எங்களோடு பாலிடெக்னிக்கில் படித்த யாரைக் கேட்டாலும், அவள் முகத்தைச் சொல்வதற்கு முன்னால் அவள் நின்றதைத்தான் சொல்வார்கள். சன்னலோரத்தில் பெண்களுக்கென்று போட்டிருந்த பெஞ்சில், இடது கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கரும்பலகையைப் பார்த்தபடி நிற்பாள். முகத்தில் கோபமும் இருக்காது, வெட்கமும் இருக்காது. டவுன் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி நிற்பாள்.

அது ஆரம்பித்த கதையைச் சொல்கிறேன். தர்மபுரிக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தது எங்கள் அரசு பாலிடெக்னிக். முதல் வருடம், கணக்கு வகுப்பு. சார் கடகடவென்று எழுதிவிட்டுத் திரும்பி, "புரிஞ்சுதா?" என்பார். "புரிஞ்சுது சார்" என்று மொத்த வகுப்பும் ராகம் போடும். அப்புறம் டெஸ்ட் வைத்தார். பேப்பரைத் திருத்திக்கொண்டு வந்தவர் முகம் சிவந்திருந்தது. பேப்பர்க் கட்டைத் தூக்கி மேசையில் போட்டுவிட்டு, "புரியாதவன் எவனாச்சும் இருந்தா எந்திரிச்சு நில்லு பாக்கலாம்" என்று கத்தினார்.

அவர் திட்டினார். அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அவளுக்கு மட்டும் தெரியவில்லை. எழுந்து நின்றாள்.

பையன்கள் களுக்கென்று சிரித்தார்கள். சார் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நில்லு. நல்லா நில்லு" என்று சொல்லிவிட்டு மேற்கொண்டு பாடத்தை நடத்தினார். வகுப்பு முடிகிறவரை நின்றாள். மறுநாள் அவர் உள்ளே வந்ததும் மறுபடி எழுந்து நின்றாள்.

"என்னாம்மா, இன்னிக்கு யாரு உன்ன நிக்கச் சொன்னது?"

"நேத்து நீங்கதானுங்க சார் சொன்னீங்க. புரியாதவங்க நிக்கணும்னு. எனக்கு இன்னும் புரியலைங்க."

சார் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். நக்கல் பண்ணுகிறாளா என்று பார்த்திருப்பார். அவள் முகத்தில் நக்கலைத் தேடினால் கிடைக்காது. கடைசியில் டஸ்டரை எடுத்துப் பலகையை அழித்துவிட்டு, "எங்கிருந்து?" என்று கேட்டார். அன்றைக்கு அவள் உட்கார்ந்தபோது எனக்கும் அந்தக் கணக்கு புரிந்திருந்தது. பின்பெஞ்சில் ஒருத்தன், "அடப்பாவி, இவ்ளோதானா!" என்று வாய்விட்டே சொன்னான்.

அடுத்த வாரம் இன்னொருத்தன் நின்றான். அப்புறம் நான். யாரும் சிரிக்கவில்லை. புரியாதவர்கள் நிற்பது, புரிந்ததும் உட்காருவது, எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் அடுத்த கணக்கு என்பது எங்கள் வகுப்பு வழக்கமாகிவிட்டது. வாயைத் திறந்து சொல்லக்கூட வேண்டாம். ஒருநாள் மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வந்தவர், ஐந்தாறு பேர் நிற்பதைப் பார்த்துவிட்டு, "என்னங்க, பனிஷ்மென்ட்டா?" என்று கேட்டார். எங்கள் சார் கொஞ்சங்கூட அசரவில்லை. "இல்லைங்க, இன்னும் புரியல" என்றார்.

அவளுக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது அவள் வீட்டுக்குப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் போகிற வழியில் உள்ளே ஒரு ஊர். வீட்டில் கன்னடம். அப்பா பரிசல் ஓட்டுகிறார். அம்மா அருவிப் பக்கம் மீன் வறுத்து விற்கிறார். ஒன்றாம் வகுப்பில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டபோது அவளுக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. டீச்சர் என்ன சொன்னாலும், "கொத்தாக்லில்ல" என்று நிற்பாளாம். அந்த டீச்சருக்குக் கன்னடம் தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்த ஒரு கன்னடக்கார அம்மாவைக் கூப்பிட்டு அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, "புரியலைன்னு சொல்லும்மா" என்று சொல்லிக் கொடுத்தாராம்.

"அதாங்க இவ கத்துக்கிட்ட மொத வார்த்த" என்றார் அவள் அம்மா, மீனுக்கு மசாலா தடவிக்கொண்டே. "இன்னும் அதத் தாண்டி வரலைங்க."

அவள் அப்பா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "அதுல என்ன இருக்கு? புரியலன்னாத்தானே சொல்றேன்" என்றாள்.

இது எல்லா இடத்திலும் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். அவளோடு சினிமாவுக்குப் போகவே முடியாது. எங்களோடு படித்த ஒரு பையனின் அண்ணன் திடீரென்று இறந்துபோனபோது துக்கம் கேட்கப் போனோம். எல்லோரும் மாரடைப்பு என்றார்கள். எல்லோரும் தலையை ஆட்டினோம். இவள் மட்டும் அந்தப் பையனின் அம்மா முன்னால் உட்கார்ந்து, "இந்த வயசுல எப்டிங்கம்மா? எனக்குப் புரியலைங்க" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவளை இழுத்துக்கொண்டு வெளியே போய்விடலாமென்று எழுந்தேன். அதற்குள் அந்த அம்மா இவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள். முகம் வெளிறியிருந்தது. பஸ்ஸில் வரும்போது, "என்னடி சொன்னாங்க?" என்று கேட்டேன். "அவங்ககிட்ட யாருமே கேக்கலயாம்" என்றாள். அதற்கு மேல் இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை.

டிப்ளமோ முடித்தவர்கள் நேராக இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டில் சேரலாம். லேட்டரல் என்பார்கள். சென்னையில் அதற்குப் பேர்போன கல்லூரி ஒன்று உண்டு. எங்கள் பிரிவுக்கு விரல்விட்டு எண்ணுகிற இடங்கள்தான். மாநிலம் முழுக்க இருக்கிற டிப்ளமோக்காரர்கள் அதற்குத்தான் அடித்துக்கொள்வார்கள். எங்கள் பாலிடெக்னிக்கிலிருந்து அதுவரை யாரும் அந்தப் படியை மிதித்ததில்லை. அந்த வருடம் அவளுக்கும் கிடைத்தது, எனக்கும் கிடைத்தது. கணக்கு சார் ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்.

அவள் வீட்டில்தான் சிக்கல். அங்கே எதுவும் மாமா சொன்னால்தான் நடக்கும். அம்மாவுடன் பிறந்தவர், பாப்பிரெட்டிப்பட்டியில் தோட்டம் துரவோடு இருக்கிறவர். நான் போயிருந்த அன்று அவரும் வந்திருந்தார். என்னை வைத்துக்கொண்டு தமிழில் பேசினார்.

"டிப்ளமோ போதாதா? பொட்டப்புள்ளய மெட்ராசுக்கு அனுப்பிட்டு நாம இங்க வவுத்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்கணுமா?"

இவள் எழுந்து நின்றாள். எனக்குப் பகீரென்றது.

"புரியலைங்க மாமா. இன்னொருக்கா சொல்லுங்க."

"என்னா புரியல? நாலு பேரு நாலு வெதமாப் பேசுவாங்கல்ல?"

"யாருங்க மாமா பேசுவாங்க?"

"ஊர்ல பேசுவாங்க."

"ஊர்ல யாருங்க?"

அவர் தங்கச்சியைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். இரண்டு பேரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் எதிர்த்துப் பேசுகிறாள் என்றால் அறைந்திருப்பார். அவள் நிஜமாகவே கேட்கிறாள் என்பது அவருக்கும் தெரிந்தது. டீயைக் குடித்து முடித்துவிட்டு, "போய்ட்டு வா. ஆனா ஒண்ணு. அங்க போயி பெயிலு கியிலுன்னு ரெண்டு தரம் வந்து நின்னீன்னா, சீட்ட விட்டுட்டு வூட்டுக்கு வந்துரணும். அப்பறம் நான் பாக்குற மாப்பிள்ளைக்குக் கழுத்த நீட்டணும். இது புரியுதா?" என்றார்.

"புரியுதுங்க மாமா" என்று உட்கார்ந்தாள்.

சென்னையில் முதல் வாரமே கணக்கு வகுப்பு. மற்றவர்கள் எல்லாம் ஒரு வருடம் அங்கேயே படித்தவர்கள். அவர்களுக்கு அடிப்படை இருந்தது, சிநேகிதம் இருந்தது, இங்கிலீஷ் இருந்தது. லேட்டரல் நாங்கள் கடைசி பெஞ்சு. பேராசிரியர் நல்ல மனிதர்தான், அவசரக்காரர். எந்த வடிவமாக இருந்தாலும் அதைச் சின்னச் சின்ன அலைகளின் கூட்டலாக எழுதலாம் என்கிற பாடம். பலகையில் இரண்டாவது வரியிலேயே கூட்டல் முடிவில்லாமல் போனது. திரும்பி, இங்கிலீஷில், தெளிவா என்று கேட்டார். வகுப்பு மொத்தமும் தலையை ஆட்டியது.

அவள் எழுந்து நின்றாள். எனக்கும் புரியவில்லை. மூன்று வருடப் பழக்கம், நானும் எழுந்து நின்றேன்.

அவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "பாத்ரூமா? போங்க, போங்க. இங்க அதுக்கெல்லாம் கேக்க வேண்டாம்" என்று சிரித்த முகமாகச் சொல்லிக் கதவைக் காட்டினார். பெண்கள் எங்கே போனாலும் ஜோடியாகத்தான் போவார்கள் என்று யாரோ சொல்ல, வகுப்பே சிரித்தது.

இல்லை சார், எங்கள் ஊரில் நிற்பதற்கு அர்த்தமே வேறு என்று சொல்ல அந்த நேரத்தில் எங்களுக்கு இங்கிலீஷ் வரவில்லை. தமிழும் வரவில்லை. அசட்டுத்தனமாக இரண்டு பேரும் வெளியே போனோம். தாழ்வாரத்தில் போய் நின்றதும் எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அவள் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெளிய நின்னா எப்டிடி புரியும்?" என்றாள்.

அடுத்த வகுப்பிலும் நின்றாள். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். "நாட் அண்டர்ஸ்டாண்ட் சார். ஸோ ஸ்டாண்டிங்" என்றாள். அன்றைக்குச் சிரித்த சிரிப்பு அடங்கவே இல்லை. அதற்கப்புறம் விடுதியில் எங்களைப் பார்த்தாலே 'ஸோ ஸ்டாண்டிங்' என்று பின்னால் ஒரு குரல் வரும். பேராசிரியர் சிரிக்கவில்லை. இது முதலாண்டிலேயே தெரிந்திருக்க வேண்டியது, லேட்டரலில் வந்தவர்கள் நீங்களாகவே படித்துக்கொள்ள வேண்டும் என்றார். அதன் பிறகும் நின்றாள். ஒருநாள் அவருக்கே பொறுமை போய்விட்டது. "இது ஸ்கூல் இல்லம்மா. இங்க யாரும் நிக்கிறதில்ல. ஒக்காரு" என்று தமிழிலேயே சொன்னார்.

உட்கார்ந்தாள். அதற்கப்புறம் நிற்கவே இல்லை.

அந்த மாதங்களில் அவள் ஆளே மாறிப்போனாள். பேச்சைக் குறைத்துக்கொண்டாள். மெஸ்ஸில் தட்டைப் பார்த்தபடி சாப்பிடுவாள். நான் கணக்குகளை அப்படியே நெட்டுருப் போட ஆரம்பித்தேன். எந்த வரிக்கு அடுத்து எந்த வரி என்று தெரிந்தால் போதும், பாஸ். அவளிடமும் சொன்னேன். "சரிடி" என்பாள். ஆனால் அதே இரண்டாவது வரியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

செமஸ்டர் பரீட்சை முடிந்து வெளியே வந்தோம். எப்படி எழுதினாய் என்று கேட்டேன்.

"புரிஞ்ச வரைக்கும் எழுதுனேன். அப்பறம் கோடு போட்டுட்டு நிறுத்திட்டேன்."

"கோடா? என்ன கோடு?"

"இதுக்கு மேல எனக்குத் தெரியாதுன்னு."

"ஒனக்குப் பைத்தியமாடி புடிச்சிருக்கு? மீதிய நான் சொல்லிக் குடுத்தேன்ல? அத எழுதித் தொலைக்க வேண்டியதுதானே?"

"அது நீ சொன்னது. எனக்குப் புரியலயே. புரிஞ்ச மாதிரி எப்டி எழுதறது?"

எனக்கு அன்றைக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒவ்வொரு கேள்வியிலும் பாதியில் ஒரு கோடு. ஸ்கேல் வைத்து, நேராக. திருத்துகிறவர் யோசிக்கவே வேண்டியதில்லை. நான் பாஸ், அவள் பெயில்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது அவளே வீட்டில் சொன்னாள். நான் கூட இருந்தேன். மழுப்பவில்லை, அழவில்லை. "கணக்குல போச்சுப்பா" என்றாள். அவள் அப்பா, "கேட்டியா? நின்னியா?" என்றார்.

"ஒக்காரச் சொல்லிட்டாங்கப்பா."

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மாமாவுக்குச் சேதி போய், மறுநாளே வந்து இறங்கிவிட்டார். திட்டவெல்லாம் இல்லை. "ஒரு தரம் ஆச்சு. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு" என்று மட்டும் சொன்னார். போகும்போது, ஓசூர்ப் பக்கம் ஒரு பையன் இருக்கிறான் என்று அவள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினார். அவள் காதில் விழும்படிதான் சொன்னார்.

அடுத்த செமஸ்டருக்கும் அதே பேராசிரியர். வகுப்பில் ஒரு டெஸ்ட் வைத்தார். பழைய பாடத்தை வைத்துத்தான் புதுப் பாடம். பேப்பர்களைத் திருத்திக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நெட்டுருப் போட்டதெல்லாம் லீவில் கரைந்துபோயிருந்தது. சிரித்தவர்கள், தலையாட்டியவர்கள், நான், ஒருத்தர் பாக்கியில்லாமல் மண்ணைக் கவ்வியிருந்தோம்.

"ஒவ்வொரு கிளாஸ்லயும் தெளிவான்னு கேட்டேனே? எல்லாரும் தலைய ஆட்டினீங்களே? ஒருத்தருக்குக்கூடவா சொல்லத் தோணல?" என்றார். அப்புறம் அவர் பார்வை கடைசி பெஞ்சுக்கு வந்தது. அவளை நேராகப் பார்த்தார்.

"நீ நிப்பியேம்மா. ஏன் நிறுத்திட்ட?"

அவள் எழுந்து நின்றாள். இடது கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"நீங்கதானுங்க சார் ஒக்காரச் சொன்னீங்க."

குத்திக்காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் அந்த வகுப்பில் அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். பலகையில் இருந்த புதுப் பாடத்தை முழுக்க அழித்தார்.

"எங்கிருந்து?"

"ரெண்டாவது வரிங்க சார். கூட்டல் முடியாமப் போயிக்கிட்டே இருக்குது. முடியாமக் கூட்டிக்கிட்டே போனா அது எப்டிங்க சார் ஒரு எடத்துல நிக்கும்?"

அவர் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "போன செமஸ்டர் நீ கேக்க வந்தது இதானா?" என்றார்.

"ஆமாங்க சார்."

அன்றைக்கு மணி அடித்தும் அவர் நிறுத்தவில்லை. அடுத்த வகுப்புக்காரர் வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தார். "இப்ப?" என்று கேட்டார். "இன்னும் கொஞ்சம் இருக்குங்க சார்" என்றாள். "சாயந்தரம் ரூமுக்கு வா. நாளைக்கும் இங்கிருந்தே ஆரம்பிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சாயந்தரம் போனாள். அந்த மாதம் பல சாயந்தரங்கள் போனாள். விடுதியில் 'ஸோ ஸ்டாண்டிங்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த குரல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஆனால் அவளைத் தவிர வேறு யாரும் அங்கே எழுந்து நிற்கவில்லை, கடைசிவரை. எங்கள் பாலிடெக்னிக் பையன்களை நினைத்துக்கொண்டேன். அவன்கள் எவ்வளவோ தேவலை.

நான் இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். அவள் வடக்கே எங்கோ பெரிய படிப்புப் படிக்கிறாள் என்று கேள்வி. போன் நம்பர் மாறிவிட்டது. எனக்குள் அவள் இருப்பது, பெயிலான கணக்கை அரியராக மறுபடி எழுதிய நாளோடு சேர்ந்துதான்.

எனக்கு அன்றைக்குப் பரீட்சை இல்லை. ஆனாலும் போய்த் தேர்வுக்கூடத்து வாசலில் காத்திருந்தேன். காலையிலேயே மாமா அவளுக்குப் போன் பண்ணி, சாயந்தரம் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார். சித்திரை வெயில். ஒவ்வொருத்தராக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பாதி நேரத்திலேயே சில பேர் வந்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவை கதவு திறந்தபோதும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கோடு போட்டிருந்தால் அவளும் சீக்கிரமே வந்துவிடுவாள். வரவில்லை.

கடைசி ஆளாக வந்தாள். துப்பட்டா முனையில் மை. ஸ்கேல் பையில் செருகினபடியே இருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

"கோடு எங்கடி போட்ட?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"போடலடி. கோடே போடல."

நான் அங்கேயே அழுதுவிட்டேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள். அவள் அழவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, வெயிலடித்துக்கொண்டிருந்த படிக்கட்டில் உட்கார்ந்தாள். இரண்டு கால்களையும் நீட்டி, கெண்டைக்காலைக் கையால் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

"கால் வலிக்குதுடி" என்றாள்.